சாட்சி விரல்

"ஊசி போடும்மா. மாத்திரையெல்லாம் எனக்குக் கேக்காது."

செங்கோடன் இதைக் கக்கூஸ் வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னார். எழுந்து கட்டிலுக்குப் போனால் திரும்பி ஓடிவர நேரம் பத்தவில்லை. அதனால் விடிந்ததிலிருந்து அங்கேயேதான் கிடந்தார். வயிறு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கியது. போனதெல்லாம் தண்ணி, சளி, நடுவில் ரத்தக் கீற்று.

நர்ஸ் பெனாசிர் கையுறை போட்ட கையால் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஊசி ரத்தத்துல போகும் ஐயா. உங்க நோய் குடலுக்குள்ள இருக்கு. இந்த மருந்தை ரத்தத்துல விட்டா அது குடல் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. வாயால முழுங்கினாத்தான், குடல் வழியாவே நடந்து போயி, கிருமி உக்காந்திருக்கற எடத்துல அடிக்கும்."

"முழுங்கித்தானே இந்த லட்சணத்துல கெடக்கறேன்."

"எதை முழுங்குனீங்க?"

"பல்வலிக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒருத்தன் பழைய மாத்திரை அட்டை வச்சு விக்கறான்."

"பல்வலி போச்சா?"

"பல்லே போச்சு."

பெனாசிருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அந்த மாத்திரை உங்க குடல்ல இருந்த நல்ல கிருமியையும் சேத்துத் தொடச்சு எடுத்துருச்சு. காலியா கெடந்த வீட்டுல ரவுடி பூந்த மாதிரி இப்பக் கெட்டது மட்டும் பெருகிக் கெடக்கு. பேதியை நிறுத்தற மாத்திரை எதாச்சும் போட்டீங்களா?"

"வாங்கி வச்சிருக்கேன்."

"போட்டுறாதீங்க. விஷம் வெளிய போகாம உள்ளயே தங்கி, குடல் வீங்கி வெடிச்சிரும்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சாம்பல் நிற டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோறு கொண்டுபோகிற டப்பா அளவுதான் இருக்கும். மூடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குழி.

"மருந்து இதுக்குள்ள இருக்கு. ஒரு குழி உங்க கட்டைவிரலுக்கு. இன்னொண்ணு சாட்சி விரலுக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா வச்சா ஒரு மாத்திரை வெளிய விழும். நீங்க முழுங்கறதைக் கண்ணால பாத்துட்டு அவங்க மறுபடி ஒருக்கா விரல் வைக்கணும். ஒரு நாளைக்கு நாலு வேளை. டப்பா காலியாகற வரைக்கும்."

"நான் மருந்து கேட்டனா, பேங்க் லாக்கர் கேட்டனா?"

"லாக்கர்னே வச்சுக்குங்க. இருந்த மருந்தெல்லாம் செத்துப்போச்சு ஐயா. கொஞ்சம் தேவலைன்னதும் ஜனங்க பாதியில நிறுத்திட்டாங்க. மீதியை எடுத்து வச்சு அடுத்த வீட்டுக்குக் குடுத்தாங்க. அரைகுறையா அடிவாங்கின கிருமி பொழச்சு எழுந்து மருந்துக்கே பழகிருச்சு. குடலுக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். அதான் மருந்துக் காவல் வாரியம் பூட்டு போட்டுருச்சு."

"சரி. உன்ற விரலை வையி."

"எங்க விரலுக்குத் தொறக்காது. ஆரம்பத்துல எங்க ஆளுங்களே விரலை வாடகைக்கு விட்டாங்க. அதனால ஒரு விரல் ஒருத்தருக்குத்தான். வச்சதும் ரெண்டு பேரும் ஜோடின்னு பதிவாயிரும். நாளைக்கு அவங்களுக்கு வந்தா நீங்கதான் சாட்சி. வேற யாரும் ஆக முடியாது." சுற்றிலும் பார்த்தாள். "வீட்டுல வேற யாரு இருக்கா?"

வேறு யாரும் இருந்ததில்லை. செங்கோடன் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஏறியபோது மீசை முளைக்கவில்லை. பீகார், ராஜஸ்தான், ஒரிசா என்று ஊர் ஊராகப் பாறையில் துளை போட்டுக்கொண்டே போனார். பெண் பார்த்துப் பேசி வைத்தார்கள். இவர் ஒரிசாவில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்தப் பெண் இரண்டு பிள்ளைக்குத் தாயாகியிருந்தாள். லாரி முதலாளி ஏமாற்றினான், அண்ணன் ஏமாற்றினான். அதற்குப் பிறகு மனுசன் யாரையும் பக்கத்தில் விடவில்லை. ஏமாற ஆள் கிடையாது, ஏமாற்றவும் ஆள் கிடையாது. அது ஒரு நிம்மதி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

"செல்லுல யாரையாச்சும் கூப்பிட்டுப் பாருங்க."

செல்லில் கேஸ்காரன் இருந்தான், மோட்டார் ரிப்பேர்காரன் இருந்தான், தண்ணி லாரிக்காரன் இருந்தான். தண்ணி லாரிக்காரன் நல்ல மாதிரி. அவனைக் கூப்பிட்டார்.

"விரலுங்ளாண்ணா? நான் எங்கம்மாவுக்கு வச்சுட்டனுங்ணா. அடுத்த வாரம் லோடு அனுப்பட்டுங்ளா?"

பெனாசிர் பையைத் தூக்கிக்கொண்டாள். "உப்பும் சக்கரையும் போட்ட தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருங்க. ஆள் கிடைச்சா கூப்பிடுங்க."

"கிடைக்கலைன்னா?"

அவள் செருப்பை மாட்டுவதற்குக் குனிந்தாள். "நானே வந்து டப்பாவை எடுத்துக்குவேன் ஐயா."

அவள் போன பிறகு செங்கோடன் தவழ்ந்து போய் மேசையைப் பிடித்து எழுந்தார். ஆயிரம் அடி கருங்கல்லைத் துளைத்துத் தண்ணி எடுத்தவர். டப்பாவைத் தட்டிப் பார்த்தார். சுத்தியலைக் கையில் எடுத்தார். உடைத்தால் உள்ளே மருந்து பொசுங்கிப் போகும் என்று டப்பாவின் மேலேயே படம் போட்டிருந்தது. சுத்தியலை வைத்துவிட்டார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, தன் இரண்டு கட்டைவிரலையும் இரண்டு குழியில் வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு விரலிலும் ஒரே நாடி ஓடுகிறது என்று டப்பா கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் கதவைத் தட்டியது எதிர்வீட்டு ராசாமணி. நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவள். புருசன் போய்விட்டான், பிள்ளை கிடையாது. இரண்டு பேரும் ஒரே மாடியில், ஒரே நடையில் குடியிருந்தாலும் வருசக்கணக்காகப் பேச்சில்லை. தன் வாசலில் குப்பை கொட்டுகிறாள் என்று சந்தேகப்பட்டு அவள் கதவைப் பார்க்கக் கேமரா வைத்தவர் இவர். அந்தக் கேமரா மேல் பழைய உள்பாவாடையைத் தொங்கவிட்டவள் அவள். இவர் அறுத்துப் போட்டார். அவள் வேறொன்றைத் தொங்கவிட்டாள். அந்தப் பாவாடை இன்றைக்கும் தொங்குகிறது.

"நாத்தம் எங்கூடு வரைக்கும் வருது" என்றாள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. "விரல் வைக்கோணுமாமா?"

"யாரு சொன்னா?"

"அந்த நர்ஸுப் புள்ளதான். நடையில நின்னு ரெண்டு பேரும் பேசினமே, கேமராவுல பாக்கலீங்களா?"

"பாவாடையைத் தொங்கவுட்டா என்னத்தைப் பாக்கறது?"

"பரவால்லையே. நல்லாத்தான் மறைக்குது."

செங்கோடன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்ன வேணும் அம்மிணி?"

"விரல் வைக்கோணும்."

"அதைக் கேக்கல. இது சர்க்காரு வீடு, உனக்கு எழுதி வைக்க முடியாது. நகைநட்டும் கிடையாது. எதுக்கு வந்தே?"

"சும்மா ஒருத்தி வந்து நின்னா உங்களுக்குக் கடிக்குமா? வைக்கட்டுமா, போகட்டுமா?"

இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார். வயிறு விடவில்லை. "வையி" என்றார்.

குழிகள் நெருக்கம். அவள் விரலின் ஓரம் அவர் விரலில் பட்டது. சூடாக இருந்தது. மனுசக் கை கடைசியாக எப்போது பட்டது என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. டப்பா கீச்சென்று சத்தம் போட்டு ஒரு மாத்திரையைத் துப்பியது. இரண்டு நிறத்தில், பெரிசாக, வேப்பங்கொட்டை மாதிரி இருந்தது.

"போச்சுங்களா?" என்று கேட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள்.

"போச்சு."

அவள் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. டப்பாவைச் செய்த இஞ்சினியர்கள் திருட்டை யோசித்தார்கள், வாடகை விரலை யோசித்தார்கள், செத்தவன் விரலைக்கூட யோசித்திருப்பார்கள். ராசாமணி மாதிரி ஒரு பொம்பளை அடுத்த ஆம்பளையின் வாய்க்குள் எட்டிப் பார்க்க மாட்டாள் என்பதை அவர்களில் ஒருத்தனும் யோசிக்கவில்லை.

போகும்போது தான் கொண்டுவந்த சோப்பில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். கைக்குத் தடவுகிற ஜெல் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, சோப்புத் தண்ணியில்தான் கழுவிப் போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாளாம். சொன்னதை அப்படியே செய்கிறவள்.

இப்படி ஒரு நாளைக்கு நாலு தரம் வந்தாள். உட்கார மாட்டாள். விரல், மாத்திரை, "போச்சுங்களா", விரல், சோப்பு, அவ்வளவுதான். கதவு சாத்திய பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருக்கிற மாதிரி செங்கோடனுக்குத் தோன்றியது. முன்னெல்லாம் அமைதி அமைதியாகவே இருந்தது. இப்போது அது அடுத்த வேளை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அமைதி ஆகிவிட்டது. அவள் செருப்புச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். ஏன் போடுகிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் போட்டார்.

வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. ரத்தம் நின்றது. ரசஞ்சோறு தங்கியது. டப்பா பாதி காலியாகியிருந்தபோது பெனாசிர் பார்க்க வந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. எதிர்வீட்டுக்காரி எதுக்கு வர்றா? அவளுக்கு என்ன ஆதாயம்?"

பெனாசிர் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "போன வருசம் அவங்களுக்கும் இதே நோய்தான் ஐயா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எதிர்வீடு."

"தெரியாதுன்னா தெரியாது."

"அவங்க மேசையிலயும் டப்பா இருந்துச்சு. தொறக்கவே இல்ல. கடைசியில நாந்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். எப்படியோ தானாத் தேறிட்டாங்க. ஆனா இது வந்த எடத்துக்குத் திரும்பி வர்ற நோய்."

"உங்க வாரியத்துல அவளைப் பத்தி என்னன்னு போட்டீங்க?"

"தவறான பயன்பாடு இல்லைன்னு பச்சை விழுந்துருச்சு." அவள் குரல் இறங்கியது. "தொறக்காத டப்பாவுல என்ன தப்பு நடக்கும், சொல்லுங்க? எங்க ஜில்லாதான் பாதுகாப்புல முதல் எடம்."

அப்படியானால் ஆதாயம் இருக்கிறது. செங்கோடனுக்கு விரல் வைத்து அவள் தனக்கு ஒரு விரல் சம்பாதித்துக்கொண்டாள். இது புரிந்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக ஒரு தெளிவு வந்தது. ஒருத்திக்குத் தான் தேவைப்படுகிறோம். நினைக்கவே என்னவோ போல் இருந்தது.

அதற்குப் பின்னால்தான் கணக்குப் போட ஆரம்பித்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நெஞ்சு அவ்வப்போது அடைக்கிறது. அவள் இவரைவிடச் சின்னவள். இவர் முந்திக்கொண்டால் அவள் டப்பாவை யார் திறப்பது? வாரியம் வருமா? வாரியத்தை நம்புவதற்கு அவர் என்ன பச்சைக் குழந்தையா? கையில் இருக்கிற மாத்திரைதான் மாத்திரை. உடம்பும் நன்றாகிவிட்டது. இதற்கு மேல் வீணாக எதற்கு விழுங்குவது?

அன்றைக்குச் சாயங்காலம் மாத்திரையை வாயில் போட்டார், பல் போன இடத்தில் ஒதுக்கிக்கொண்டார், தண்ணி குடித்தார்.

"போச்சுங்களா?"

"ம்."

அவள் சுவரைப் பார்த்தபடி விரலை வைத்தாள். அவள் போனதும் வெளியே எடுத்து, துணியில் ஒற்றி, காற்றாட வைத்து, பழைய சுண்ணாம்பு டப்பாவுக்குள் போட்டார். அடுத்த வேளையும் அப்படியே. அதற்கடுத்த வேளையும். டப்பா காலியாகும் வரைக்கும் ஒன்றுகூட அவர் வயிற்றுக்குள் போகவில்லை.

கடைசி மாத்திரை விழுந்த அன்றைக்கு அவளிடம் சுண்ணாம்பு டப்பாவைக் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தார். என்ன சொல்லி நீட்டுவது என்று தெரியவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டு, "அப்ப முடிஞ்சுது" என்று சொல்லிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் செங்கோடன் பழக்கத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வருவதற்குக் காரணம் தீர்ந்துவிட்டது. மத்தியானம் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் வயிறு மறுபடி முறுக்கியது. இந்தத் தடவை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கக்கூஸ் வாசலில் விழுந்தபோது வாளி உருண்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். ராசாமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது? முழுசா முழுங்கினீங்களே!"

"அலமாரியில சுண்ணாம்பு டப்பா இருக்கு. எடு. உனக்குத்தான்."

அவள் எடுத்துத் திறந்தாள். உள்ளே பார்த்தபடியே நின்றாள். செங்கோடன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசப்படுவாள் என்று நினைத்திருந்தார்.

"கெழட்டு முண்டம்" என்றாள்.

"நான் செத்துட்டா உனக்கு யாரு விரல் வைப்பா? அதுக்குத்தான்."

"நான் கேட்டனா? நர்ஸு சொல்லலீங்களா, முன்னால இருந்த மருந்தெல்லாம் எப்படிச் செத்துதுன்னு? எல்லாம் இப்படித்தான், ஆளாளுக்கு வேண்டியவங்களுக்குன்னு எடுத்து வச்சே தொலைச்சாங்க." டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "செவுத்தைப் பாத்துக்கிட்டு விரல் வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்."

வெளியே பெனாசிரின் குரல் கேட்டது. காலி டப்பாவை எடுத்துப்போக வந்திருந்தாள். ராசாமணி சட்டென்று சுண்ணாம்பு டப்பாவை இடுப்பில் செருகினாள்.

பெனாசிர் கிழவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், சோதனைக் குச்சி ஒன்றை நனைத்து நிறம் மாறுவதைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"இப்ப நான் கேக்கறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லணும். எல்லாத்தையும் முழுங்கியும் இப்படின்னா, கிருமி இந்த மருந்தையும் ஜெயிச்சிருச்சுன்னு அர்த்தம். இந்த மாடியையே அடைப்பாங்க. ரெண்டு பேரையும் ஊருக்கு வெளிய கொட்டகையில போடுவாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. முழுங்கலைன்னா, ஐயா பேரை அடிச்சிருவாங்க. இனி டப்பா வராது. பொய்யா விரல் வச்சிருந்தா சாட்சி பேரையும் அடிப்பாங்க." திரும்பினாள். "ராசாமணிம்மா, அவரு முழுங்கினதை நீங்க பாத்தீங்களா?"

ராசாமணி வாயைத் திறந்தாள். என்ன சொல்ல இருந்தாளோ, அது செங்கோடனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் காத்திருக்கவும் இல்லை.

"அவ ஒழுங்காத்தான் பாத்தா. நாந்தான் திருட்டு நாய். வாய்க்குள்ள ஒதுக்கி வச்சிருந்து அவ போனதும் துப்பினேன். என்ற பேரை அடி."

"எதுக்கு?"

"எவனையும் நம்பாதவன் நான். மருந்தை மட்டும் எதுக்கு நம்போணும்?"

அது பொய் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருக்கலாம். பெனாசிர் மூச்சை இழுத்து விட்டாள். "உங்க விரல் இனி எந்த டப்பாவுலயும் செல்லாது ஐயா. இவங்க பேரு இருக்கும். டப்பா வரும். ஆனா ஜோடி நீங்கதான்னு பதிவாயிருச்சு, மாத்த மாட்டாங்க. புரியுதா?"

புரிந்தது. அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவளுக்காக என்று செய்தது, கடைசியில் அவள் டப்பாவைத்தான் பூட்டியிருக்கிறது.

"துப்பின மாத்திரையெல்லாம் எங்க?" என்றாள் பெனாசிர்.

"கக்கூஸ்ல போட்டுட்டாருங்க" என்றாள் ராசாமணி, கண்ணிமைக்காமல். "இப்பத்தான் சொன்னாரு. நாந்தான் தண்ணி ஊத்துனேன்."

பெனாசிரின் கண் ஒருமுறை ராசாமணியின் இடுப்புக்குப் போய் வந்தது. "ஊத்தினது ஊத்தினதுதான்" என்று சொல்லி, சாம்பல் நிற டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ராசாமணி கதவைத் தாழிட்டாள். ஒரு டம்ளரில் தண்ணி மோந்து வந்து, தரையில் அவர் எதிரே உட்கார்ந்தாள். இதுவரைக்கும் அவள் இந்த வீட்டில் உட்கார்ந்ததில்லை. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள்.

"வாயைத் தொறங்க."

"இது பத்துமா அம்மிணி? முதல்ல இருந்து முழுசாப் போடோணுமே."

"பத்துமோ பத்தாதோ. தொறங்க."

விழுங்கினார்.

"நாக்கைத் தூக்குங்க. அந்தப் பக்கம். பல்லு போன எடத்தைக் காட்டுங்க." அவள் கிட்ட வந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு அவர் தாடையைத் திருப்பி, உள்ளே நன்றாகப் பார்த்தாள். அவர் வாய் நாறியிருக்கும். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை.

"உனக்கு வச்சிருந்ததை நானே தின்னு தீத்தர்றேன்" என்றார் செங்கோடன். "நாளைக்கு உனக்கு வந்தா டப்பா தொறக்காதே."

"தொறக்காது."

"அப்ப என்ன பண்ணுவே?"

"உங்களைக் கூப்பிடுவேன்."

"நான் வந்து என்ன புண்ணியம்? என்ற விரல்தான் செல்லாதே."

ராசாமணி காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். போன வருசம் அந்த மேசைக்கு முன்னால் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"விரல் வைக்க வேண்டாங்க" என்றாள். "சும்மா வந்து உக்காந்திருங்க."